உரிப்பு யந்திரமும் மரம் வளர்க்கும் நிலமுடையோரும்

மரக்கட்டையை இரு முனைகளிலும் பிடித்து நிறுத்தி, அதைச் சுழலவிட்டு, சுழலும் கட்டையின்மேல் உளியை அணைத்து உருவம் கொடுக்கும் வேலை தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதியதன்று. கட்டிற்காலும், தொட்டிற்கட்டையும், வண்டிச் சக்கரத்தின் குடமும், அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் கடைசற்பட்டறையில் இவ்வாறே உருவாயின. ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, மற்றொருவர் உளி பிடிப்பார். பலகை வேண்டுமிடத்தில், குழியின்மேல் கட்டையைக் கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று வாள் இழுத்தனர். இவ்வேலைகள் மெதுவானவை, கூலி மிகுந்தவை. ஆயினும் அவற்றில் ஒரு நன்மை இருந்தது. மரத்துக்கு உடையவர் பக்கத்திலேயே நின்றார். கோணலான கட்டையில் எவ்வளவு கழிந்தது, கணு விழுந்த இடத்தில் உளி எவ்வாறு தடுக்கிற்று, காய்ந்துபோன கட்டை எவ்விடத்தில் பிளந்தது என்பவற்றை அவர் கண்ணாரக் கண்டார். அடுத்த மரத்தை எப்படி வளர்க்கவேண்டும் என்பதை அந்தப் பட்டறையிலேயே கற்றுக்கொண்டார்.

இன்று தோட்டக்கால்களில் வளரும் மலைவேம்பும், தைலமரமும், பெருமரமும் அவ்வாறு உடையவர் கண்முன் உருப்பெறுவதில்லை. வெட்டியபின் லாரியேறி, ஜில்லாக்களைக் கடந்து, பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கோ தீக்குச்சிப் பட்டறைக்கோ போய்ச் சேருகின்றன. எடைமேடையில் கொடுத்த சீட்டு ஒன்றே உடையவர் கையில் மிஞ்சுகிறது. ஆறேழு வருஷ காலம் நிலத்தையும் நீரையும் ஒரு பயிருக்கென்று ஒதுக்கி வைத்தவர், அப்பயிரின் விலையை உண்மையில் நிர்ணயிக்கும் யந்திரத்தை ஒரு முறையேனும் பார்த்ததில்லை என்பது சிறு குறையன்று. அந்த யந்திரம் கட்டையை எவ்வாறு பிடிக்கிறது, எவ்வாறு சுழற்றுகிறது, எதை ஏடாக எடுத்துக்கொண்டு எதைக் கழிவாகத் தள்ளுகிறது என்பவற்றை அறிந்தே மரம் வளர்க்கவேண்டும். அறிந்தே விலை பேசவும் வேண்டும். உரிப்பதற்கென்று வளர்த்த மரத்தை வெறும் எடையால் விற்பது, கவனமாக வளர்ப்பவரிடமிருந்து பறித்துக் கவனமின்றி வளர்ப்பவருக்குக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மர ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு அழுத்திச் செய்வது. ஓர் ஏட்டின் நரம்பு நீளவாட்டில் ஓடினால், அடுத்ததன் நரம்பு குறுக்குவாட்டில் ஓடும்படி அடுக்குவார்கள். பலகை வளையாமலும் வெடிக்காமலும் இருப்பதற்கு அதுவே காரணம். அந்த ஏடுகளை எடுப்பது உரிப்பு யந்திரம். பழைய கடைசல் யந்திரத்தைப் போலவே இதிலும் கட்டை சுழல்கிறது. ஆனால் உளியின் இடத்தில், கட்டையின் முழு நீளத்துக்கும் ஒரே கத்தி நிற்கிறது. கட்டை ஒரு சுற்றுச் சுற்றும்போது, கத்தி ஏட்டின் கனத்தளவுக்கு உள்நோக்கி நகர்கிறது. சுருட்டி வைத்த பாயை விரிப்பதுபோல, கட்டையிலிருந்து ஏடு அறாமல் வெளியே வருகிறது. கத்திக்குச் சற்று முன்னால் ஓர் அழுத்துப்பட்டை கட்டையை நெருக்கிக்கொண்டிருக்கும். அந்த நெருக்கம் இல்லாவிடில் கத்திக்கு முன்பாகவே மரம் பிளந்து, ஏட்டின் உட்புறம் முழுவதும் கீறல் விழுந்துவிடும். தீக்குச்சிக்கும் வேலை இதுவே. பெருமரக் கட்டையை முதலில் ஏடாக உரித்து, பின் அந்த ஏட்டையே குச்சிகளாக நறுக்குகிறார்கள். ஆகையால் சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்தில் புன்செய்க் காட்டில் பெருமரம் வைத்திருக்கும் குடியானவருக்கும் இந்த விஷயம் பொருந்தும்.

பழைய முறையான யந்திரம் கட்டையின் இரு முனைகளிலும் பல்லுள்ள இரும்புக் கதிர்களை அழுத்திப் பிடித்துச் சுழற்றுவது. பிடிப்பு முழுவதும் கட்டையின் நடுவில்தான் இருக்கிறது. நடுத்தண்டு மிருதுவாயிருந்தாலும், முனை வெடித்திருந்தாலும், பற்கள் குடைந்துகொண்டு தாம் மட்டும் சுழலும், கட்டை நின்றுவிடும். நன்றாகப் பிடித்துக்கொண்டபோதிலும் வேறொரு தொல்லை உண்டு. கட்டை மெலிய மெலிய, கத்தியின் அழுத்தத்தால் நடுவில் வளையத் தொடங்கும். ஏடு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வரும். ஆகவே நடுத்தண்டு கணிசமான பருமனில் இருக்கும்போதே யந்திரத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. காட்டிலிருந்து வந்த பெருங்கட்டைகளுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. தோட்டத்து மரத்துக்கோ இதுவே உயிர்நிலை.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். 8 அங்குல விட்டமுள்ள உருண்டைக் கட்டை ஒன்றை உரிக்கும்போது, 5 அங்குலத் தண்டு மிஞ்சினால், மரத்தில் நூற்றுக்கு 39 பங்கு அந்தத் தண்டிலேயே போய்விடுகிறது. 2 அங்குலத் தண்டு மிஞ்சினால் போவது நூற்றுக்கு 6 பங்கே. ஏட்டின் கனம் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்று கொண்டால், முன்னதில் ஏறக்குறைய 40 அடி நீள ஏடும், பின்னதில் 62 அடி நீள ஏடும் கிடைக்கும். கட்டை ஒன்றே, பிடிக்கும் முறை மட்டும் வேறு.

இந்த வேற்றுமையை உண்டாக்கியது கதிரில்லா உரிப்பு யந்திரம். இதில் கட்டையின் முனையை யாரும் பிடிப்பதில்லை. சொரசொரப்பான உருளைகள் கட்டையை வெளிப்புறத்திலிருந்து நெருக்கிப் பிடித்து, தாமே சுழன்று அதையும் சுழற்றுகின்றன. கட்டை மெலிவதற்கேற்ப உருளைகளும் நெருங்கி வருகின்றன. முழு நீளத்திலும் தாங்கல் இருப்பதால் கட்டை வளைவதில்லை. ஒன்றரை, இரண்டு அங்குலத் தண்டு வரையில் உரிக்கமுடிகிறது. சிறு கட்டைக்கும் ஏட்டு விலை கிடைக்கும்படி செய்தது இந்த யந்திரமே. முன்காலத்தில் விறகுக்குப் போயிருக்கக்கூடிய ஆறேழு வருஷத்து மரம் இன்று ஒட்டுப்பலகைக்குப் போவதற்கு, புதிய மரவகைகளைக் காட்டிலும் இந்தப் பிடிப்பு மாறுதலே பெரிய காரணம் என்று சொல்லலாம். நாற்று விற்போர் இதைச் சொல்வதில்லை. மரத்தின் பெருமையையே பேசுகிறார்கள்.

ஆனால் வெளிப்புறத்தைப் பிடிக்கும் யந்திரத்துக்கு வெளிப்புறம் உருண்டையாக இருந்தாகவேண்டும். அதற்காக, உரிப்பதற்கு முன் கட்டையை வேறொரு யந்திரத்திலிட்டு, பட்டையையும் மேடு பள்ளங்களையும் சீவி உருண்டையாக்குகிறார்கள். தோட்டத்து மரத்தின் நஷ்டத்தில் பெரும்பாகம் இங்கேதான் நிகழ்கிறது. அதைக் குறைப்பது தொழிற்சாலைக்காரர் கையில் இல்லை. மரம் வளர்ப்பவர் கையில் இருக்கிறது.

நுனி சிறுத்தலை எடுத்துக்கொள்வோருக்கு இது எளிதில் புலப்படும். அடியில் 8 அங்குலமும் நுனியில் 6 அங்குலமும் விட்டமுள்ள 8 அடிக் கட்டையிலிருந்து, முழு நீள ஏடு தரக்கூடிய உருளை 6 அங்குல விட்டமே உடையது. மீதி, அதாவது மரத்தில் நூற்றுக்கு 27 பங்கு, சீவலாகவும் துண்டு ஏடாகவும் போகும். அதே கட்டையை நடுவில் இரண்டாக அறுத்து, 4 அடித் துண்டுகளாக உரித்தால், அடித்துண்டில் 13 பங்கும் நுனித்துண்டில் 15 பங்குமே கழியும். வளைவிலோ இந்த வேற்றுமை இன்னும் அதிகம். 8 அங்குல விட்டமுள்ள 8 அடிக் கட்டை நடுவில் ஓர் அங்குலம் வளைந்திருந்தால், அதனுள் அடங்கும் நேர் உருளை 7 அங்குலமே. நூற்றுக்கு 23 பங்கு நஷ்டம். சீரான வளைவாயின், இரண்டாக அறுத்த ஒவ்வொரு துண்டிலும் வளைவு கால் அங்குலமாகக் குறைந்து, நஷ்டம் 6 பங்காகிவிடும். நீளம் பாதியானால் வளைவு பாதியாவதில்லை, காற்பங்காகிறது. இந்த ஒரு கணக்கை அறிந்த குடியானவர், மரம் வெட்டும் ஆட்களைத் தம் விருப்பப்படி துண்டு போடவிடமாட்டார். பலகையின் மேலேட்டுக்கு 8 அடி நீளம் வேண்டும். குறுக்காக வைக்கும் உள்ளேட்டுக்கு 4 அடி போதும். ஆதலால் நேரான அடிமரத்தை 8 அடியாகவும், வளைந்த பாகத்தை 4 அடியாகவும் அறுப்பது இருவருக்கும் லாபம். வாங்குபவர் இன்ன நீளம் வேண்டுமென்று முன்னதாகவே எழுதிக் கொடுக்கவேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

வரப்போரத்து மரங்களும் தோட்டத்தின் கடைசி வரிசை மரங்களும் வெளிச்சத்தை நாடி ஒரு பக்கம் சாய்வதை எல்லோரும் பார்த்திருக்கலாம். சாய்ந்த மரம் ஒரு பக்கம் அதிகம் பருத்து, முட்டை வடிவமாகிறது. சீவி உருண்டையாக்கியபின் மிஞ்சுவது குறைவு. மிஞ்சியதிலும் ஏடு பஞ்சுபோல் நார் எழும்பி வரும், காயும்போது நெளியும். இத்தகைய மரங்களை வேறாகப் பிரித்து, விறகுக்கோ கூழுக்கோ விற்பது நலம். நல்ல கட்டையோடு கலந்து ஏற்றினால் லாரி முழுவதற்கும் விலை குறையும்.

கணுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கிளை இருந்த இடமெல்லாம் மரத்தினுள் கணுவாகிறது. உயிருள்ள கிளையின் கணு மரத்தோடு ஒட்டியிருக்கும். காய்ந்து நின்ற கிளையின் கணு ஏட்டிலிருந்து கழன்று விழுந்து துளையாகும். கடினமான கணுவில் பட்ட கத்தி வாய் மழுங்கினால், அந்த மழுங்கல் தீட்டப்படும் வரையில் ஒவ்வொரு சுற்றிலும் ஏட்டின்மேல் ஒரு கோடு விழுந்துகொண்டேயிருக்கும். ஆகையால் கிளை கழித்தல் மரத்தை உயரமாக்குவதற்கு மட்டுமன்று. கணு எங்கே நிற்கவேண்டும் என்பதை நிர்ணயிப்பதற்கும் ஆகும். தண்டு 3 அங்குலப் பருமன் அடையுமுன் கிளையைக் கழித்துவிட்டால், கணு அந்த 3 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அதில் பெரும்பங்கு யந்திரம் மிச்சம் விடும் தண்டிலும் அதையடுத்த உள்ளேட்டிலும் போய்விடும். அதற்குமேல் வளர்ந்த மரமெல்லாம் சுத்தமான ஏடு. தண்டு 6 அங்குலம் ஆனபிறகு, வெட்டுவதற்கு முந்தின வருஷத்தில், மரம் அழகாகத் தோன்றவேண்டுமென்று கிளைகளை வெட்டுபவர் வியாபாரியின் கண்ணை ஏமாற்றலாம், கத்தியை ஏமாற்றமுடியாது. கிளை விரற்கடை கனமிருக்கும்போதே, பட்டை கிழியாமல், முளை நிறுத்தாமல், தண்டோடு ஒட்டக் கழிப்பது முறை. மலைவேம்பில் முதல் இரண்டு வருஷங்களில் இந்த வேலையைத் தவறவிட்டவர் பின்னர் எத்தனை உரமிட்டாலும் அதை ஈடு செய்யமுடிவதில்லை.

ஆணியும் முள்கம்பியும் கணுவைக்காட்டிலும் பொல்லாதவை. வேலிக்காக மரத்தில் அடித்த ஆணி சில வருஷங்களில் மரத்தினுள் மறைந்துவிடும். உரிப்புக் கத்தி அதன்மேல் பட்டால் வாய் உடையும். உடைந்த கத்தியைக் கழற்றித் தீட்டி மாட்டும் வரையில் தொழிற்சாலையில் வேலை நிற்கும். சாலையோரத்து நிலங்களில் விளம்பரத் தகடு அடிக்க இடங்கொடுப்போர் இதை நினைவில் வைக்கவேண்டும். கம்பி கட்டிய மரங்களைச் சில வியாபாரிகள் பார்த்தவுடனே தள்ளிவிடுவது வீண் பிடிவாதமன்று.

இனி, மரம் வெட்டியது முதல் யந்திரத்தில் ஏறும் வரையுள்ள காலம். மலைவேம்பு போன்ற மென்மரம் பச்சையாயிருக்கும்போதுதான் ஏடு நழுவி வரும். ஈரம் போனால் கத்தி சீவாமல் முறிக்கும். ஏடு துண்டு துண்டாக உதிரும். முனைகளிலிருந்து ஈரம் விரைவாகப் போவதால் அங்கே வெடிப்பு உண்டாகி, உள்நோக்கி ஓடும். முனையில் வெடித்த பாகத்தை அறுத்துத் தள்ளினால் 4 அடிக் கட்டை 4 அடியாக இராது, உள்ளேட்டுக்கும் உதவாது. இதற்குப் பரிகாரம் எளியது. லாரி வருவது நிச்சயமான பிறகே மரத்தை வெட்டவேண்டும். வெட்டிய கட்டைகளை நிழலில் அடுக்கி, தழையிட்டு மூடி, நீர் தெளிக்கவேண்டும். அறுக்கும்போது இரண்டு அங்குலம் மிகுதியாக விடுவது வெடிப்புக்கு ஈடாகும். ஆனால் எடையால் விற்கும்போது நேருவதைக் கவனிக்கவேண்டும். வாங்குபவர் லாரி அனுப்பத் தாமதித்தால், கட்டை காய்ந்து எடை குறைகிறது. அந்தக் குறைவு விற்பவர் தலையில் விழுகிறது. தாமதித்தவர் குறைந்த எடைக்குக் குறைந்த பணம் கொடுக்கிறார். வெட்டிய தேதியும் எடுத்துச்செல்லும் தேதியும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் வாங்குபவர் பொறுப்பு என்று இருந்தாலன்றி இது திருந்தாது.

எடையால் விற்கும் வழக்கம் எங்கும் அநியாயமானது என்று சொல்வதற்கில்லை. காகித ஆலைக்குப் போகும் சவுக்கும் தைலமரமும் எடையால் விற்கப்படுவது முறையே. அங்கே கட்டையைப் பிடித்துச் சுழற்றுவார் இல்லை. சிறு சில்லுகளாக நறுக்கிக் கூழாக்குகிறார்கள். வளைந்த கட்டையும் நேர் கட்டையும் நறுக்குக் கத்திக்கு ஒன்றே. உரிப்பு யந்திரத்துக்கு அவை ஒன்றல்ல என்பது மேலே காட்டிய கணக்குகளால் விளங்கும். ஒரு டன் நேர்கட்டையும் ஒரு டன் கோணற்கட்டையும் எடைமேடையில் சமம். யந்திரத்தை விட்டு வெளிவரும் ஏட்டிலோ நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் வேற்றுமை. வாங்குபவர் இதை அறியாதவரல்லர். அவர் எல்லாக் கட்டைக்கும் சராசரியாக எவ்வளவு கழியும் என்று மனத்தில் போட்டுக்கொண்டே டன்னுக்கு விலை சொல்கிறார். ஆகவே அவருக்கு நஷ்டமில்லை. கிளை கழித்து, சாய்ந்ததை நீக்கி, நேராக வளர்த்தவரே அயலாரின் கோணலுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். அடுத்த முறை அவரும் கிளை கழிக்கச் செலவு செய்யமாட்டார்.

தேக்கு முதலிய மரங்களுக்கு நெடுநாளாக வழங்கும் கால் சுற்றளவுக் கணக்கு ஒரு விதத்தில் இதைவிட மேல். கட்டையின் நடுச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது அந்தக் கணக்கு. உண்மையான கன அளவில் நூற்றுக்கு எழுபத்தெட்டரைப் பங்கைத்தான் அது காட்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை; விலை அதற்கேற்பப் பேசப்படுவதால் ஏமாற்று என்று கூறுவதற்கில்லை. கன அடிக் கணக்கு எதுவாயினும் கட்டை காய்வதால் குறையாது என்பதே அதன் சிறப்பு. எனினும் நேர்மையையும் கணுவையும் அதுவும் காட்டுவதில்லை.

வடநாட்டு உதாரணம் ஒன்று இங்கே பயன்படும். ஹரியானாவிலுள்ள யமுனாநகர், உழவர் நிலத்து மரத்தையே நம்பி வளர்ந்த ஒட்டுப்பலகை நகரம். சுற்றுப்புற ஜில்லாக்களில் கோதுமை, கரும்பு வயல்களில் பாப்லார் மரம் வரிசையாக நிற்கும். 1980களில் விம்கோ தீக்குச்சிக் கம்பெனி நாற்றும் யோசனையும் கொடுத்து அந்த மரத்தைப் பரப்பிற்று. அவ்வூர்ச் சந்தையிலும் கட்டை எடையால்தான் விற்கப்படுகிறது. ஆயினும் 24 அங்குலச் சுற்றளவுக்கு மேற்பட்டதற்கு ஒரு விலை, 18 முதல் 24 வரை உள்ளதற்கு ஒரு விலை, அதனினும் சிறியதற்கு ஒரு விலை என்று தரம் பிரித்து விற்பது வழக்கம். ஆகவே பருமனாக வளர்ப்பவருக்குப் பலன் உண்டு. இடைவெளி விட்டு நடவும் காத்திருக்கவும் அது தூண்டுகிறது. அதே பிரதேசம் மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. எல்லோரும் ஏககாலத்தில் நட்டமையால், 2000-க்குப் பின் வந்த சில வருஷங்களில் எல்லா மரமும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து விலை விழுந்தது. பலர் மரத்தைக் கைவிட்டனர். பின் மரம் அருகி விலை ஏறியபோது அவர்களிடம் விற்க மரமில்லை. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி தொழில் மரச் சாகுபடியைப் பரப்பி வரும் இக்காலத்தில், நிலம் முழுவதிலும் ஒரே வருஷத்தில் நடாமல், பகுதி பகுதியாக ஆண்டுதோறும் நடுவது இவ்விபத்துக்கு ஓரளவு தடையாகும்.

தரம் பிரித்து விற்பதற்கு வியாபாரிகள் கூறும் ஆட்சேபம் முற்றிலும் தள்ளத்தக்கதன்று. குடியானவர் ஒருவரிடம் இருப்பது ஒரு லாரி, இரண்டு லாரிக் கட்டை. அதில் ஒவ்வொன்றையும் அளந்து எழுதினால் நாள் போய்விடும், கூலி ஏறும், தரத்தைப் பற்றி வாக்குவாதம் உண்டாகும். எடைமேடையோ யாருக்கும் அடங்காத நடுவர் என்பார்கள். வாக்குவாதம் உண்டாகும் என்பது மெய்யே. ஆனால் அதற்குத் தக்க வழி, நிற்கும் மரத்தை வெட்டுமுன் அளப்பது. நெஞ்சுயரத்தில் நாடாவைச் சுற்றி, சுற்றளவைப் பட்டையின்மேல் சுண்ணாம்பால் எழுதிவிட்டால், வளைவும் சாய்வும் இருவர் கண்ணுக்கும் தெரியும். 12 அடிக்கு 12 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 302 மரம். 10 அடிக்கு 10 அடியில் 435. இரண்டு பேர் ஒரே பகலில் முடிக்கக்கூடிய வேலை. அடுத்தடுத்த நிலத்தார் ஐந்தாறு பேர் கூடி, தரவாரியாகப் பிரித்து அடுக்கி, ஒரே பேச்சாக விற்றால், வாங்குபவருக்கும் முழு லாரி ஒரே தரமாகக் கிடைக்கும். அதற்கு அவர் விலை கொடுக்காமலிருக்கமாட்டார். உருண்டையாக்கும் யந்திரத்தடியில் குவியும் சீவலுக்கு அவர் இப்பொழுது கொடுத்துவரும் லாரிக் கூலி அவருக்குத் தெரியும்.

கூட்டாக விற்பதோடு நில்லாமல், உரிப்பு யந்திரத்தையே கூட்டாக வாங்கிவிடலாமே என்று உற்சாகமுள்ளவர் சிலர் பேசுவதுண்டு. கேட்பதற்கு இனிய யோசனை, அவசரப்படத் தக்கதன்று. யந்திரம் தனியே ஒன்றும் செய்யாது. உருண்டையாக்கும் யந்திரமும், மும்முனை மின்சாரமும், கத்தி தீட்டத் தெரிந்த ஆளும், உரித்த ஏட்டை விரித்துக் காயவைக்க வெயிலுள்ள களமும் வேண்டும். மழைக்காலத்தில் ஏடு காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, மாதந்தோறும் தவறாமல் கட்டை வரவேண்டும். ஒரு கிராமத்து மரம் சில வாரங்களில் உரிந்து தீர்ந்துவிடும். பிறகு யந்திரம் சும்மா கிடக்க, கடனுக்கு வட்டி மட்டும் சுழலும்.

சட்டமும் உண்டு. நீலகிரி ஜில்லா கூடலூர்க் காடுகளின் அழிவைக் குறித்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ல் இட்ட உத்தரவு, நாடெங்கும் மரம் வெட்டுவதையும் மரத் தொழிற்சாலைகளையும் கட்டுப்படுத்திற்று. 2002-ல், வாளறுப்புப் பட்டறை, ஏடு உரிக்கும் ஆலை, ஒட்டுப்பலகை ஆலை எதையும் முன்னநுமதியின்றித் திறக்கலாகாதென்று மறுபடியும் உத்தரவாயிற்று. 2016-ல் மத்திய சர்க்கார் வகுத்த விதிகளின்படி, அநுமதி கொடுக்கும் பொறுப்பு ஒவ்வொரு ராஜ்யத்திலும் அமைந்த கமிட்டியிடம் வந்தது. அக்கமிட்டி அவ்விடத்தில் கிடைக்கக்கூடிய மரத்தைக் கணக்கிட்டே அநுமதிக்கவேண்டும். தோட்டத்து மரத்தைத் தோட்டத்துக்கருகில் உரிப்பதற்கு இத்தனை தடை ஏன் என்று கேட்போருக்கு நியாயம் உண்டு. ஆனால் யந்திரத்தின் வாயில் விழுந்தபின், காட்டுக் கட்டைக்கும் தோட்டத்துக் கட்டைக்கும் அடையாளம் ஏதும் இராது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். எனவே முதலில் கூட்டு விற்பனை. அது சில வருஷம் ஒழுங்காக நடந்து, ஆண்டுதோறும் இவ்வளவு கட்டை உண்டு என்று எழுத்தில் காட்டமுடிந்தபின், யந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

அந்த எழுத்து கிராம உத்தியோகஸ்தர் கையில் இருக்கிறது. அடங்கலில் நெல்லும் கரும்பும் பசலிதோறும் தவறாமல் ஏறுகின்றன. வரப்பு மரமும் தோட்ட மரமும் பல கிராமங்களில் விடுபட்டுவிடுகின்றன. புல எண், உட்பிரிவு, மரத்தின் பெயர், எண்ணிக்கை, நட்ட வருஷம் ஆகிய ஐந்தும் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பிர்க்காவில் எந்த வருஷம் எவ்வளவு கட்டை முற்றும் என்பதை யாரும் கூட்டிப் பார்க்கலாம். கமிட்டிக்கும் அதுவே ஆதாரம். வாங்குபவரை வரவழைக்கவும் அதுவே துணை. 1968-ஆம் வருஷத்து மர நடமாட்ட விதிகளின்கீழ் அநுமதிச் சீட்டு வேண்டியிருக்கும் மரங்களுக்கும், 1955-ஆம் வருஷத்து மலைப்பிரதேச மரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட கிராமங்களில் நிற்கும் மரங்களுக்கும், பட்டா நிலத்தில் நட்டது என்பதற்கு முதல் சாட்சி இந்தப் பதிவே. தம் மரத்துக்கு இவ்விதிகள் பொருந்துமா, பொருந்தாவா என்பதை நிலமுடையவர் வெட்டுமுன் வனத்துறையாரிடம் கேட்டு அறியவேண்டும். நட்ட பசலியிலேயே எண்ணி எழுதுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும். ஏழாவது வருஷத்தில், மரத்தை வெட்டிப் போட்டு, லாரி களத்துமேட்டில் நிற்கும்போது, எழுதாமல் விட்ட மரத்துக்குச் சான்று தேடித் தாலூகாக் கச்சேரிக்கு நடக்கும் நாட்களில்தான் கட்டையின் முனை வெடிக்கிறது.